கசங்காத சட்டை

அம்பத்தூர்வரை நடந்து, அங்கே ரயிலேறிச் சென்னைக் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் சட்டை மூட்டையிலிருந்து உருவியது போலாகிவிடும். வெள்ளைக்கார மேலாளர் ஒன்றும் சொல்ல மாட்டார். சட்டையை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து, சீமைத் துணிக்கடையில் புதிதாக வந்திருந்த கசங்காத துணியில் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். கையில் சுருட்டிக் கசக்கிவிட்டாலும் மெல்ல விரிந்து பழையபடி ஆனது. இனிமேல் இஸ்திரியே வேண்டாம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அக்கா மட்டும் சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அக்கா கணவனை இழந்து திருமுல்லைவாயிலில் எங்களோடு இருந்தாள். கோயிலுக்குக்கூட அம்மா அவளைத் தனியாக அனுப்ப மாட்டாள். அவள் தனியாகப் போக முடிந்த ஒரே இடம் பக்கத்துக் கத்தோலிக்கர் வீடு. எங்களிடம் இஸ்திரிப் பெட்டி கிடையாது. என் சட்டைகளுக்காக அவர்களுடைய பித்தளைப் பெட்டியை இரவல் வாங்கப் போவாள். அந்த வீட்டம்மா அடுப்பிலிருந்து தணல் அள்ளிப் போட, கரி கனியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா சிரிக்கும் சத்தத்தை நான் அங்கிருந்துதான் கேட்டிருக்கிறேன். இதெல்லாம் தெரிந்திருந்தும் இஸ்திரி வேண்டாம் என்று சொன்ன மண்டு நான்.

சட்டையை முதல் தடவை துவைத்ததுமே அக்கா போய்ப் பெட்டியை வாங்கி வந்துவிட்டாள். "இஸ்திரி போடாத சட்டையப் போட்டுகினு ஆபீசுக்குப் போவியா?" என்று சொல்லி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். ஆவி கிளம்பியது. கூடவே மீன் நாற்றமும் கிளம்பியது.

நாங்கள் சைவம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அவுங்க ஊட்டுப் பெட்டியாச்சே, வேற இன்னா வரும்?" என்றாள். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. பெட்டி ஆறியதும் அம்மா அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். "கையில குடுக்காத. செவுத்து மேல வெச்சிட்டு வந்துடு" என்று என்னிடம் நீட்டினாள். நானும் வைத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரி படிந்து போன பெட்டி பளபளவென்று திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

அதோடு அக்கா அங்கே போவதும் நின்றது. பெட்டி போன பிறகும் சட்டையில் நாற்றம் இருந்தது. கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார்.

"நூலுக்குள்ள மருந்து ஏத்தியிருக்கான் சார். பார்மலினும் யூரியாவும் சேர்ந்து உள்ளேயே பிசினா இறுகிடும். அதான் நூல் மடங்கினாலும் திரும்ப நிமிருது. சரியா அலசாத துணின்னா, ஈரத்துல சூடு பட்டதும் மீன் நாத்தம் அடிக்கும். சோடா போட்டு நல்லா அலசுங்க, போயிடும்."

ஊர் வந்து இறங்கியதும் நேராக அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லி, தப்பு எங்களுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்காவை மறுபடி வரச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

அந்த வீட்டம்மா குரலை உயர்த்தவில்லை. "துணிதான்னு கடக்காரர் சொல்லி இப்பத்தான் உனுக்குத் தெரிஞ்சிது. எங்க ஊடுதான்னு அன்னிக்கி உனுக்கு யார் தம்பி சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாற்றம் நிஜமாகவே பெட்டியிலிருந்து வந்திருந்தால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா என்று அப்போதுதான் உறைத்தது. கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டு வந்தவன் போல நின்றிருந்தேன், வெட்கங்கெட்டவன். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் அங்கே பேசிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தலை வாரி, வேறு புடவை மாற்றிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"நான் போலாமாடா?" என்று கேட்டாள்.