மேல்வீட்டில் ஒரு குளவி

கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கிரேனின் உச்சியில், சுற்றிலும் கண்ணாடி வைத்த சின்னக் கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் ஏறி இறங்குவதென்றால் முழங்கால் கழன்றுவிடும். தண்ணீர், பிளாஸ்க், முகம் துடைக்க ஒரு துண்டு எல்லாம் மேலேயே இருக்கும். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன், மேலே போய்விட்டால் தனக்குத்தானே பேசித் தீர்ப்பார். "அங்க யாரு இருக்கா, போதும் நிறுத்துன்னு சொல்ல?" என்பார்.

அவருக்குச் சைகை காட்டுகிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. மாமாவின் சிபாரிசில் வேலைக்கு வந்தவன். குடும்ப விஷயங்களில் இரண்டு பேருக்கும் அவ்வளவாக ஒத்துப் போகாது. வேலையில் மட்டும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஓடாது. அவன் விரலை அசைத்தால் இவர் சுமையை அசைப்பார்.

போன வருஷம் வீட்டுக் குளியலறையில் ஒரு குளவி மேல்வீட்டுக்காரரைக் கழுத்தில் கொட்டிவிட்டது. குளவி யாரைத்தான் கொட்டவில்லை? ஆனால் இவருக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்துக்கொண்டது. மனைவி காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினாள். ஊசி போட்ட டாக்டர், "அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம். என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "கடையில" என்று பச்சைப் பொய் சொன்னார். பின்னே? திடீரென்று மயங்கி விழக்கூடிய ஆளைக் கம்பெனி ஏணியைத் தொடவே விடாது. தம்பியிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வேலைக்கு வராததற்குப் பல்வலி என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்று காலை ஒரு கட்டு இரும்புக் கம்பியை ஒன்பதாவது மாடியில் இறக்க வேண்டியிருந்தது. கட்டைப் பிடித்துத் திருப்பி வைக்க அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள், நடுவில் மச்சினன். கண்ணுக்குத் தெரிகிற இடமென்றால் அவன் கைச்சைகைதான் காட்டுவான். பேசுவது மாமாவின் பாடு. "வருது, வருது, இறங்குது" என்று வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே இறக்குவார். இரண்டு கையும் கைப்பிடிகளில் இருக்கவேண்டும் என்பதால், பேசும் பொத்தான் அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார். செய்யக்கூடாத காரியம்தான். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், மற்றவர்கள் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்காது. அது ஒரு சௌகரியம் என்றே நினைத்திருந்தார்.

கம்பிக்கட்டு மாடிக்கு நேராக வந்தபோது, தொங்கவிட்டிருந்த துண்டின் மடிப்பிலிருந்து ஒரு மஞ்சள் குளவி கிளம்பிக் கண்ணாடியில் முட்டியது.

மேல்வீட்டுக்காரர் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பதறிக் கையை எடுத்தால் கைப்பிடி சட்டென்று நடுவுக்கு வந்து கிரேனை நிறுத்திவிடும், கட்டு ஊசலாடி நிற்கிறவர்களை அடித்துப் போட்டுவிடும். ஆட்களை விலகச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே! குளவி என்றால் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் எவனாவது துருவிக் கேட்பான். ஆகவே சொல்லவில்லை. மெதுவாக இறக்கிக்கொண்டே போனார். பயத்தில் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. ரப்பர் பேண்ட் அடியோடு மறந்து போயிற்று.

"வாங்கம்மா, வாங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே. ஜன்னல் அந்தப் பக்கம், பாருங்க, தொறந்துதான் கிடக்கு."

குளவி ஜன்னலைப் பார்க்கவில்லை. அவருடைய வலது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

"ஐயையோ, அங்க வேண்டாம் தாயி. நீ பாட்டுக்கு ஒரு கொட்டு கொட்டிட்டுப் போயிடுவ. எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். போன வருஷம் உங்க அக்கா ஒருத்தி கொட்டி நான் செத்துப் பொழச்சேன், தெரியுமா? டாக்டர்கிட்ட கடையில வேலைன்னு புளுகினேன். இங்க வந்து பல்வலின்னு புளுகினேன். எல்லாம் இந்த நாற்காலிக்காகத்தான். இவங்களுக்குத் தெரிஞ்சா ஏறவே விடமாட்டாங்க. கீழ நின்னு நான் என்னத்தப் பண்ணுவேன், சொல்லு? கொஞ்சம் பொறு தங்கம். இந்தக் கட்டை மட்டும் இறக்கிடறேன். அப்புறம் நீயாச்சு நானாச்சு."

மாடியில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கித் தூண்களுக்கு அப்பால் போவது தெரிந்தது. டீ வந்திருக்கும், சோம்பேறிப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டார். மச்சினன் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றான். அவன் கை வழக்கத்தைவிட நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. இவரும் அந்தக் கையையே பார்த்து இறக்கினார். குளவி விரல் வரைக்கும் நடந்து, அங்கே நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது.

கட்டு தளத்தில் உட்கார்ந்தது. மச்சினன் கையை மூடிக் காட்டினான். அவர் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்ததும் குளவி பறந்தது. நாலு தடவை கண்ணாடியில் முட்டி, ஒருவழியாக ஜன்னலைக் கண்டுபிடித்து வெளியே போயிற்று.

உயிர் வந்தது அவருக்கு. வந்த உயிரோடு கோபமும் வந்தது. டீக்கு ஓடியவர்களை நாலு வார்த்தை கேட்கலாமென்று வாக்கி-டாக்கியை எடுத்தபோதுதான் விரலில் ரப்பர் பேண்ட் தட்டுப்பட்டது. அதை மெல்லக் கழற்றினார்.

"மாமா, கொட்டலையே?" மச்சினனின் குரல்.

"இல்ல" என்றார்.

அடுத்து பாதுகாப்பு அதிகாரி அம்மா பேசினார். "மெதுவா இறங்கி வாங்கண்ணே. அவசரமே இல்ல." கறாரான பெண்மணி, அதட்டாமல் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த மரியாதையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

கீழே அதிகம் பேச்சில்லை. இனி ஏறவேண்டாம், தரையிலேயே ஒரு வேலை பார்த்துத் தருகிறோம் என்றார்கள். தலையாட்டிவிட்டுப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். மச்சினன் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"போச்சு மாப்ள. நாற்காலி போச்சு."

"போகட்டும். பல்வலின்னீங்கன்னு கிராம்புத் தைலம் தேடிக் கடைகடையா அலைஞ்சவன் நான்." பாட்டிலை நீட்டினான். "உங்களுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரிஞ்சிருக்கும். தினம் அந்தக் கம்பிக்குக் கீழ நிக்கிறவன் நான்தானே மாமா? எனக்கு ஏன் சொல்லல?"

மேல்வீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து, பலகை அடுக்கில் அவனுக்கும் இடம் விட்டார்.