குழிக்குள்ளிருந்து மூன்று தட்டு

பதினேழு மணி நேரம். எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், ஒரு கால் நசுங்கி, ஸ்பேனர் அக்கா கிடந்தது அவ்வளவு நேரம்.

நாற்பத்து நான்கு வயது. இருபது வருட லிஃப்ட் மெக்கானிக். பையில் வீட்டுச் சாவி இருக்குமோ இல்லையோ, ஸ்பேனர் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். குழியில் இறங்குவதற்கு முன் மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது வழக்கம். அந்தச் சனிக்கிழமையும் பூட்டினார். ஆனால் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்சுகள். முதல் லிஃப்டில் வேலை. பூட்டியது இரண்டாவது லிஃப்டின் சுவிட்சை.

மூன்று மணிக்கு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்த காவலாளி முதல் லிஃப்டில் இறங்கினார், கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இறங்கி வந்த லிஃப்ட் காலை நசுக்கி, கீழே அக்கா மயங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியாது.

விழிப்பு வந்தபோது தொண்டையில் குரல் இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. எட்டு மாடிக்கும் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கை ஓய்ந்தால் மறு கை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வாரத்தில் மிச்சமான பெருக்கும் வேலையை முடிக்க வந்த துப்புரவு அக்கா ஏழாவது மாடியில் நின்று சுவரில் காதை வைத்தார். கூட வந்த காவலாளி, "குழாய் சத்தம்மா" என்றார்.

"குழாய்க்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமாய்யா?"

அந்த ஒரு கேள்விதான் உயிரை மீட்டது.

அதன்பின் எட்டு மாதம். காலுக்குள் கம்பி, மனசுக்குள் பயம். மருத்துவமனையின் நாலாவது மாடிக்கும் படியில்தான் ஏறினார். "மீன் தண்ணியப் பாத்துப் பயப்படுதே!" என்று கணவர் சீண்டுவார். சாமிதான் காப்பாத்துச்சு என்பார்.

"சாமி எங்க வந்துச்சு? துப்புரவு அக்காதான வந்தாங்க?"

"சரி, சாமிய விடு. யாரு இருக்கான்னு நம்பி நீ பதினேழு மணி நேரம் தட்டின?"



அவர் வேலை பார்த்த லிஃப்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில், புகார் வாங்கும் போன் வேலை தருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அவர் அந்தக் கட்டடத்துக்குத் துப்புரவு அக்காவைப் பார்க்கப் போனார். முதல் லிஃப்ட் மறுபடி மக்கர், திடீரென ஓடும், திடீரென நிற்கும்; இரண்டாவது சாமான் ஏற்ற ஒதுக்கியாயிற்று. துப்புரவு அக்கா தண்ணீர் வாளியோடு படியில் முனகிக்கொண்டிருந்தார்.

"உன்னத் தூக்கிவிட்டாச்சு. இந்த வாளிய யாரு தூக்குறது? எனக்கும் முட்டி ரெண்டுதான்."

ஸ்பேனர் அக்கா அலுவலகத்துக்குப் போன் போட்டார். "முதல் லிஃப்ட நானே பாக்கறேன்."

வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே எட்டு மாடியும் ஏறினார். மெஷின் ரூமில் சுவிட்சின் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பூட்டினார்.

"அக்கா, பட்டன அழுத்துங்க. லிஃப்ட் வருதா?"

"வரல."

"நல்லா அழுத்துங்க!"

"லிஃப்ட் வரலன்னு சந்தோஷப்படுற ஒரே ஆளு நீதாம்மா!"

கோளாறு அதே குழிக்குள், ஒரு சின்ன சுவிட்சில். கதவோரம் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு இறங்கினார். அடியில் நின்று தண்டவாளத்தில் மூன்று முறை தட்டினார். மேலேயிருந்து துடைப்பக் கட்டை உடனே மூன்று முறை பதில் சொன்னது. நாற்பது நிமிடத்தில் வாளி லிஃப்டில் ஏறியது. பக்கத்தில் ஸ்பேனர் அக்காவும்.

பூட்டிய பிறகு பட்டனை அழுத்திப் பார்ப்பது இப்போது அந்த நிறுவனத்தில் அறுபது மெக்கானிக்குகளுக்கும் விதி. போன் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகளுக்கும் வருடாந்திரச் சோதனை. குழியில் இறங்குபவர் ஸ்பேனர் அக்கா.