அச்சில் வராத எட்டு ஃபங்ஷன்கள்

1997 ஜூலை மாத டைரிக் குறிப்பு, என் கையெழுத்தில்: "பிரிண்ட் எடுத்தார். நாலு வரி. வேலை நிரந்தரமாகாது என்றார். மறக்கக் கூடாது."

மறக்கவில்லை.

கோவையில் ஒரு நெசவு ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் தற்காலிகப் பணியில் இருந்தேன். தறிகளின் உற்பத்தியைக் கணக்கிட சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் புரோகிராம் எழுதியிருந்தேன். அங்கே காகிதத்தில் அச்சாகி வருவதைத்தான் வேலை என்று ஒப்புக்கொள்வார்கள். பிரிவுப் பொறுப்பாளர் புரோகிராமில் ஒரு தறியின் விவரத் தொகுப்பான ஆப்ஜெக்டை மட்டும் அப்படியே ஃபைலாக்கி அச்சிட்டார். தறி எண், நூல் ரகம், ஓடிய மீட்டர், நின்ற நிமிடம். அவ்வளவுதான் வந்தது.

"ஏனுங்க அம்மணி, மூணு மாசமா நாலு வரியத்தான் எழுதுனீங்களா? எங்கூட்டு எருமை கீபோர்டுல நடந்தாலே இத அடிச்சுப்போடுமுங்க."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள்.

"கணக்குப் போடறதுக்குன்னே எட்டு ஃபங்ஷன் தனியா இருக்குதுங்க. ஆப்ஜெக்ட்ல அந்தந்தத் தறியோட வெவரம் மட்டுந்தான் இருக்கும். கணக்குப் போடற விதம் எல்லாத் தறிக்கும் ஒண்ணுதானுங்க. அதனால அத எல்லாத்துக்கும் பொதுவான கிளாஸ்ல ஒரே எடத்துல வெச்சிருக்கேன்."

"பேப்பர்ல வராதது இல்லாததுதானுங்க."

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அதே வாரம் ஒரு செய்தி காதில் விழுந்தது. ஈரோட்டுக் கிளையில் முதலாளி முன்னால் அந்தப் புரோகிராமைத் தன்னுடையதென்று சொல்லி அவர் ஓட்டிக்காட்டப் போகிறாராம். மறுநாள் என்னிடமே பிளாப்பியை நீட்டினார்.

"அன்னிக்கு அச்சடிச்ச ஃபைலப் போட்டுக் குடுங்க."

"கிளாஸ் இருக்கற புரோகிராமும் வேணுமுங்களா?"

"அச்சுல வந்தது போதுமுங்க."

கேட்டதை மட்டும் கொடுத்தேன்.

காலை பஸ்ஸில் கிளம்பினார். அவிநாசி தாண்டியிருப்பார் என்று கடிகாரம் பார்த்தேன். ஈரோட்டுக்கு ஒரு போன் செய்து, அடுத்த பஸ்ஸில் இன்னொரு பிளாப்பியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். போன் என் மேசையில்தான் இருந்தது. டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை அந்த ஆலையில் அதற்கு முன் குடித்ததில்லை.

மதியம் போன் அடித்தது. அவர்தான்.

"அம்மணி, கணக்கே வரமாட்டீங்குது. நாலு வரிதான் நிக்குது."

"அச்சுல அவ்வளவுதானுங்களே வந்துது."

பிறகு முதலாளி போனை வாங்கி, எழுதியது யார் என்று கேட்டார். சொன்னேன்.

ஆகஸ்டில் எனக்கு நிரந்தரப் பணி ஆணை வந்தது. அவரைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். கிடங்கு வழியாகத்தான் தினமும் சாப்பிடப் போவேன். கேன்டீனுக்கு வேறு குறுக்கு வழியும் இருந்தது.

புரோகிராம் தன்னுடையதென்று அவர் முதலாளியிடம் உண்மையில் சொன்னாரா? எனக்குச் சொன்னவர் ஈரோட்டு குமாஸ்தா வழியாகக் கேட்டதாகச் சொன்னார். அந்தக் குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.