இரண்டு விரல் கூடுதல்

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கை கழுவுகிறார். வேலை முடிந்த பிறகு கழுவுவதில்லை. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முதல்முறை பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். நகத்துக்கடியில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அது கண்ணாடியில் கோடு போடும், ரப்பருக்குள் போய்விட்டால் அங்கே தண்ணீருக்கு வாசல் திறக்கும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டுக் குழாயடியில் அவர் கழுவியதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. பிறகு ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துவட்டினார்.

எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்கிறார்கள். வயது நாற்பத்தாறு. கறுத்து ஒடிசலான ஆள். வலது கட்டைவிரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல், நசுக்கிவைத்ததுபோல் அகலமாக இருக்கும். ஜீப், லாரி, பழைய வேன் இவற்றின் முன்கண்ணாடியும் அதைச் சுற்றி ஓடும் ரப்பரும்தான் தொழில். புதிய கார்களுக்குக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்களே என்று கேட்டேன். "ஒட்டுறதுக்கு நான் எதுக்கு ஐயா? தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் ஒட்டறவரே போதுமே" என்றார்.

அவருடைய கொட்டகை அகலம் குறைந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிகள் பழைய போர்வை சுற்றிக்கொண்டு, மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களைப்போல் சாய்ந்து நிற்கும். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருக்கின்றன. எண்கள் மட்டும்தான். பெயர் இல்லை, தேதி இல்லை. எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்றால், "எழுதினது நான்தானே?" என்கிறார். அந்தச் சுவரைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை.

ஏனென்றால் நான் முப்பத்தேழு ஆண்டுகள் வானிலை நிலையத்தில் மழை அளந்தவன். ஒரு நாள்கூடக் குறிப்பு விட்டுப்போனதில்லை. இப்போதும் வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறேன். ஆகையால் இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை.

எங்களிடம் முப்பத்தொரு வருடத்து ஜீப் ஒன்று இருக்கிறது. அதன் முன்கண்ணாடியை ஒரு தடித்த ரப்பர் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ரப்பரின் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்துக்குள் இன்னொரு மெல்லிய பட்டையை அழுத்திவிட வேண்டும். இதற்குப் பீடிங் என்று பெயர். பீடிங் உள்ளே போனால்தான் ரப்பர் இறுகி, தண்ணீர் வராமல் தடுக்கும். பழைய பீடிங் வெடித்துவிட்டதால், புதியதை நானே மாட்டுவது என்று இறங்கினேன். நான்கு முறை மாட்டினேன். முதல்முறை பாதியில் வெளியே வந்துவிட்டது. இரண்டாம் முறை என் நகம் போயிற்று. மூன்றாம் முறை திருப்புளி பட்டு ரப்பரில் ஒரு வெட்டு விழுந்தது. நான்காம் முறை வெற்றி. கண்ணாடியின் சுற்றளவை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 3,640 மில்லிமீட்டர். பீடிங்கையும் அதே அளவுக்கு வெட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தினேன். இரண்டு முனைகளும் கீழ் மூலையில் மயிரிழை இடைவெளியில்லாமல் சந்தித்தன. பதினெட்டு நாள் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மழையில் என் மனைவியின் முட்டியில் சொட்டியது. இறங்கிப் பார்த்தால் முனைகளுக்கு நடுவே பதினொரு மில்லிமீட்டர் வாய் பிளந்திருக்கிறது.

அவளுக்கு அந்த முட்டியில் ஏற்கெனவே வாதம். அவள் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை என் முட்டி நனைஞ்சா வண்டி எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடும், சொல்லிட்டேன்" என்றாள், வெண்டைக்காய் நறுக்கியபடி. என் மைத்துனர் அதற்காகவே முற்றத்தில் இடம் ஒழித்துவைத்திருக்கிறார். மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போகிறாராம். பிறகு அவளே யார் யாரையோ விசாரித்துக் கண்ணாடிக்காரரை வரவழைத்தாள்.

இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். குறித்துக்கொண்டேன். வந்ததும் அவருக்கு முன்னால் என் மானம் போயிற்று.

"முட்டியில தண்ணி கொட்டுதுன்னு சொல்றேன், இவரு கீழ டம்ளர் வச்சு அளக்கிறாரு தம்பி."

அவர் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு ஐயா வந்துச்சு?"

இருபது நிமிடத்துக்கு நாற்பது மில்லி என்றேன்.

"பரவால்ல, ஒரு வாய் காபிக்கு ஆகும்."

என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தொரு ஆண்டு இல்லற வாழ்க்கையில் நான் சொன்ன எதற்காவது அவள் தூணைப் பிடித்துக்கொண்டதாக என் நோட்டுகளில் இல்லை.

என் பீடிங்கை அவர் ஒரே இழுப்பில் உருவிப் போட்டார். புதுச் சுருள் ஒன்றை வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். அவருடைய கருவி ஒரு மரக்கரண்டிக் காம்பு. நுனியைக் கண்ணாடித் துண்டால் சீவி வழவழவென்று ஆக்கியிருக்கிறார். வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்ததாம். ஏழு வருடமாக அவர் மனைவி கரண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவருகிறார்.

வேலை செய்யும்போது ஓயாமல் பேசுவார். லாரிக்காரன் கதை, மச்சினி கல்யாணக் கதை, எதுவானாலும் மூலை வந்ததும் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டு, அகலக் கட்டைவிரலால் மெதுவாக வளைப்பார். மூலை தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து கதை தொடரும். "நாலு மூலையும் நாலு சம்பந்தி ஐயா. மரியாதை ஒரு பொட்டு கொறைஞ்சாலும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கெளம்பிடுவாங்க."

நான் குற்றம் தேடிக்கொண்டிருந்தேன் என்பதால் ஒன்று கண்ணில் பட்டது. அவர் பீடிங்கை இழுக்கவே இல்லை. வலது கை உள்ளே அழுத்த, இடது கை ஒவ்வொரு சாணுக்கும் அதைப் பின்னால் தள்ளி நெருக்கியது. கூட்டமான பேருந்தில் நடத்துநர் ஆட்களை உள்ளே நெருக்குவாரே, அப்படி. தொடங்கிய இடமும் மூலை அல்ல, மேல்விளிம்பின் நடு. மூலையில் ஒட்டு வைத்தால் இரண்டு பக்கமும் இழுத்துப் பிரித்துவிடும் என்றார். சுற்றி வந்து முடிக்கையில், முனை தேவைக்கு மேல் இரண்டு விரல் நீளத் தொங்கும்படி வெட்டினார். அளவில் தவறிவிட்டார் என்று நினைத்தேன். என் உள்ளம் குளிர்ந்தது.

"கூடுதலா வெட்டிட்டீங்களே" என்றேன்.

"ஆமா ஐயா."

"சுற்றளவு மூவாயிரத்து அறுநூத்து நாப்பது. நான் மூணு தடவை அளந்தேன்."

அவர் அந்த இரண்டு விரல் நீளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளித் தள்ளிப் பள்ளத்துக்குள் கரைத்துவிட்டார். எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசியாக முனைகளை ஒன்றோடொன்று முட்டவிட்டு, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினார்.

"நீங்க வெட்டினது சரியான அளவுதான் ஐயா. அன்னிக்கு மட்டும். இழுத்து மாட்டினா ரப்பர் சும்மா இருக்குமா? நாளைக்கு நாளைக்குன்னு தன்னோட அளவுக்குத் திரும்பி வந்துடும்."

குரலில் நையாண்டி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்திருப்பேன். என் மூன்று அளவுகளும் சரி, அதனால்தான் தவறு என்பதை ஒரு கரண்டிக் காம்பு எனக்குச் சொல்லிவிட்டது. அவருக்கு எடுத்த நேரம் முப்பத்தெட்டு நிமிடம். எனக்கு ஒன்பது வாரம்.

தண்ணீர் விட்டுச் சோதிப்போம் என்றேன். அவர் தயங்காமல் உள்ளே ஏறி, என் மனைவி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான் தோட்டத்துக் குழாயை முழுவதும் திறந்து, வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, பழைய கீழ் மூலையில் பீய்ச்சினேன். ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் வண்டி மைத்துனர் வீட்டுக்குப் போய் மஞ்சளாகிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு சொட்டு விழட்டும் என்றுதான் நினைத்தேன். என் மனைவி வாசற்படியில் முட்டியைத் தடவியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜீப்பைப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கீழ் மூலை ஒழுகவில்லை. பக்கவாட்டிலும் பீய்ச்சினேன். ஒழுகவில்லை. போதும் என்று குழாயைத் தாழ்த்தினேன்.

உள்ளேயிருந்து அவர் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் நெளிந்து தெரிந்தது. மேல்விளிம்பின் நடுவை, முனைகள் சேரும் அந்த ஒரே இடத்தை, விரலால் காட்டினார். அங்கே நான் விட மறந்திருந்தேன். குழாயைத் தூக்கி, நேராக அந்த இடத்தில் பிடித்தேன். அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, முதல் சொட்டு எங்கே வருமோ அங்கே தன் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நான் குழாயை நிறுத்தும்வரை எடுக்கவில்லை.