ஜெயராணியின் ரஃப் காப்பி

சிதம்பரம் கீழவீதியில் ஜெயராணி நடத்திய டைப்பிங் சென்டருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படவும் இல்லை. தபாலில் படிக்கிறவர்கள் புராஜெக்ட் கொடுக்கவேண்டிய மாதம் வந்தால், கடலூரிலிருந்தும் கீரப்பாளையத்திலிருந்தும் வாத்தியார்களும் நர்சுகளும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கையெழுத்துப் பிரதியை வாங்கியதும் அவள் முடிவுரையைத்தான் முதலில் படிப்பாள். பாதிப் பேர் போன வருஷம் எழுதினவரிடம் வாங்கி அப்படியே இறக்கியிருப்பார்கள்.

"சார், நீங்க எழுதினது பள்ளிக்கூட நூலகம் பத்தி. கடைசில முந்திரித் தோப்பு எங்கருந்து வந்துச்சு?"

"அதெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

அப்படிப்பட்டவள் 2008-இல், நாற்பது வயதில், தானும் எம்.ஏ. சமூகவியலுக்குப் பதிந்துகொண்டாள். இரண்டாம் வருஷம் அவளுக்கும் ஒரு புராஜெக்ட். சேத்தியாத்தோப்பு சந்தையில் காய்கறி விற்கிற பெண்கள். ஆறு வாரம் பஸ் ஏறிப் போய், முப்பது பேரிடம் பேசி, நோட்டு நிறைய எழுதி வந்தாள். கொடுக்கவேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, சாயந்திரம் நாலு மணி. தவறினால் டிகிரி அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரஃப் காப்பி பிரிண்ட் ஆகி முடிந்தது. அதோடு கரண்டும் போயிற்று. இனி இரண்டு மணிக்குத்தான் வரும். வெளிச்சத்துக்காக ஸ்டூலை வாசலில் போட்டுப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். அறுபத்தெட்டுப் பக்கத்தில் இரண்டே எழுத்துப் பிழைதான் கிடைத்தது.

டவுன் பஸ் ஓட்டுகிற கணவர் கதிர்வேல் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். அவள் சாப்பிடுகிறவரை சும்மா இருக்க முடியாமல் தாள்களைப் புரட்டினார்.

"ஜெயா, இந்தத் தமிழ்ச்செல்வி யாரு?"

"எந்தத் தமிழ்ச்செல்வி?"

"'எனக்குத் துணை நின்ற அன்பு மனைவி தமிழ்ச்செல்விக்கு நன்றி'ன்னு போட்டிருக்க. எப்ப கட்டிக்கிட்ட? எனக்குப் பத்திரிகைகூட வைக்கல."

போன வருஷம் அண்ணாகிராமம் வாத்தியார் ஒருவருக்கு அடித்த ஃபைலைத்தான் அவள் மாதிரிக்கு எடுத்து, அதன் மேலேயே தன்னுடையதை அடித்திருந்தாள். சோற்றை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினாள். முடிவுரையில் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்கு அரசு உடனே குடிநீர் வசதி செய்து தரவேண்டும் என்று இருந்தது.

"சந்தைக்கும் சூளைக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?" என்றார் அவர்.

"செத்த நேரம் சும்மா இருங்க."

நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து அவர் ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். "'லாபம் இல்லன்னாலும் வருவேன். அந்த ஒரு நாளு சோறு எங்கன்னு எவனும் கேக்க மாட்டான்.' எவனும்னது என்னைத்தானே?"

"அது சந்தையில காய் விக்கிற விருத்தாம்பாளோட வீட்டுக்காரரு. நீங்கதான் கேரியர் கொண்டாந்திருக்கீங்களே."

அந்த வரியில்தான் முடிவுரையை ஆரம்பித்தாள். வருமானத்துக்கு மட்டும் அந்தப் பெண்கள் சந்தைக்கு வரவில்லை என்பது முப்பது பேரின் பேச்சிலும் கிடந்தது. அதை அள்ளிப் போடுவதற்கு ஒன்றரை மணி நேரமும் நாலு தாளும் ஆயின. இரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது. டைப் அடித்து, மாற்றவேண்டிய பக்கங்களை மாற்றி, ஸ்பைரல் போட்டு எடுத்தபோது மூன்றரை. கதிர்வேல் பைக்கை ஸ்டார்ட் பண்ணித் தயாராக வைத்திருந்தார். தொலைதூரக் கல்வி ஆபீஸ் கிளார்க் சீல் குத்தும்போது மணி மூன்று ஐம்பத்தைந்து.

வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தார்கள். நன்றிப் பக்கத்தில் அவள் என்ன மாற்றி எழுதினாள் என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"'ரஃப் காப்பியில் இரண்டு பெரிய தப்புகளைக் கண்டுபிடிக்க உதவிய கணவர் கதிர்வேலுக்கு நன்றி'ன்னு போட்டேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மூணு" என்றார்.

"என்ன மூணு?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம் ரெண்டு தடவ இருக்கு. டயம் இல்லையேன்னுதான் வாயத் தொறக்கல."