கைநழுவிய றோல்ஸ்

இன்று ஆய்வுகூடத்தில் தீக்காய ஜெல்லுக்காகக் கற்றாழை மடலைக் கீறியபோது எழுந்த பச்சை மணத்தோடு, என் மூக்கு தானாகவே கொதிக்கும் எண்ணெயின் மணத்தையும் தேடியது. இரண்டும் சேர்ந்தே மணந்த இடம், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த புருசெத்தில் எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ்ச் சமையலறை. இப்போது அங்கே சைக்கிள்கள் நிற்கின்றன. அப்போது கோடை முழுக்கக் கொண்டாட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் அம்மாக்கள் கூடிக் கறி வைத்துச் சுற்றிப் பொரிக்கும் றோல்ஸ், எண்ணெய் தெறித்த கைகளுக்கெல்லாம் முறித்துக் கொடுத்தே மொட்டையாகிப்போன, ஐஸ்கிரீம் டப்பாவில் நட்ட ஒரே கற்றாழை.

ஒரு பெண்ணின் பூப்பு விழாவான சாமத்தியவீட்டுக்கு முதல்நாள் அதில் கடைசி மடல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"சுட்டாப்பிறகு மடல் ஆருக்கெண்டு அடிபடாமல், இப்பவே எல்லாரும் பூசுவம்," என்றார் அம்மா.

பூசினார்கள். றோல்ஸ் ஒவ்வொன்றாய்க் கைநழுவித் தரையில் உருள, அவற்றைத் துரத்திய பிள்ளைகள் நாங்களும் வழுக்கி விழ, அம்மாக்கள் சிரித்துக் களைத்து எண்ணெய்ச் சட்டியை இறக்கியே விட்டார்கள். மறுநாள் விருந்தில் றோல்ஸ் இல்லை.

இப்போது நான் என் ஜெல்லைப் பற்றிப் பெருமையாகத் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அம்மா சொல்வது இதுதான்:

"எங்கடை மருந்து அதைவிடத் திறம், பிள்ளை. அண்டைக்கு ஒருத்தருக்கும் சுடேல்லை."