கீழே இருப்பவர்கள் பாத்திரமே இல்லை

“ஞாயிறு, மாலைக் காட்சி, செம்பூர். பலத்த மழை. அரங்கு நிறைந்தது. இடைவேளைக்குப் பின் தொய்வு. வரிசைக் காட்சி தேவைக்கு மேல் நீளம்.” பார்த்த படங்களைப் பற்றி அன்றன்றே குறித்து வைக்கும் வழக்கப்படி நான் எழுதியது இது. அந்தப் படத்தைப் பற்றிய என் கருத்து இன்றும் அதுதான்.

வருங்கால நகரம் ஒன்றின் கதை. கடல் ஏறி வந்துவிடுகிறது. வசதியானவர்கள் கோபுரங்களில் மேலே வாழ்கிறார்கள், மற்றவர்கள் கீழே சேற்றில். ஒரு நாள் கீழே இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் விளக்கைப் பாய்ச்சுகிறார்கள். பச்சை எரிந்தால் நகரத்தில் இருக்கலாம், சிவப்பு எரிந்தால் வெளியே. அந்தக் காட்சியில் அரங்கமே கைப்பேசியை எடுத்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், “ஃபார்வர்ட் கர் நா யார்,” என்று காட்சியை ஓட்டிவிடச் சொன்னான். சிரிப்பு எழுந்தது. என் இடப்பக்கம் இருந்த அண்ணாச்சி மட்டும் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி மும்பைத் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே. எங்கள் அலுவலகத்துக்குப் பை தைத்துக் கொடுத்த வகையில் பழக்கம். எனக்கும் செம்பூரில் இருக்கும் என் மைத்துனருக்கும் படத் துணை. மைத்துனர் விமர்சனம் எழுதுகிறவர். இணையத்தில் அவருக்கென்று படிக்கிறவர்கள் உண்டு.

படம் முடிந்து மாட்டுங்காவுக்கு வந்து, வழக்கமான ஓட்டலில் காபிக்குச் சொன்னோம். மைத்துனர் தொடங்கினார்.

“செட்டுக்குக் கொட்டியிருக்கான், கதைக்கு ஒண்ணும் இல்லை. கீழே இருக்கறவாள்ல ஒருத்தன்கூட பாத்திரமே இல்லை.”

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். “கீழ உள்ளவனுமா? யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பார்த்தாலே தெரியறதே.”

“கீழ உள்ளவன் பாத்ருன்னுல்லா சொன்னாங்க. அப்பம் என் தம்பிக்கும் போச்சா?”

“எந்தத் தம்பி? படத்துல தம்பியே கிடையாதே ஓய்.”

எனக்குத்தான் முதலில் புரிந்தது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக அந்த மாதங்களில் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. புது வீடு பெறத் தகுதி உள்ளவர் பாத்ர், இல்லாதவர் அபாத்ர். மராத்தியிலிருந்து வந்த அந்தச் சொல் அங்கே குழந்தைகள் வாயில்கூடப் புழங்கியது. அண்ணாச்சியின் தம்பி தரைத்தளத்தில் பட்டறை வைத்திருந்தார். அதன் மேல் தகரம் அடித்த அறையில், இரும்பு ஏணி ஏறி, அண்ணாச்சியும் மனைவியும் குடியிருந்தார்கள்.

“இவர் சொல்றது சினிமாப் பாத்திரம், அண்ணாச்சி,” என்றேன்.

அவர் மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். “நல்லா பயங்காட்டினிய. அந்த மட்டுக்கும் தம்பி தப்பிச்சான்.”

“உங்க விஷயம்?” என்றார் மைத்துனர்.

“மாடி அபாத்ராம். மேல உள்ளவனுக்கு இங்கன கெடையாது, வேற எங்கயாச்சும் தள்ளி வாடகைக்குத் தருவாங்களாம். போன வாரம் கணக்கெடுக்க வந்த பையன் சொல்லிட்டுப் போறான். படத்துல மேல உள்ளவன்லா பொழைக்கான். அங்கதான் டைரக்டரு உல்டாவா எடுத்துட்டாரு.”

மைத்துனர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “சார்வாள், ஒண்ணு கேக்கணும். வரிசையில ஒரு பொம்பளைக்கு முதல்ல செவப்பு எரிஞ்சுது. பொறவு பையில இருந்து என்னமோ எடுத்துக் காட்டுனா, பச்சை ஆயிட்டு. என்னத்த காட்டுனா? முன்னால ஒருத்தன் எந்திச்சு மறைச்சுட்டான்.”

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மைத்துனரும் தெரியாதென்று தலையை ஆட்டினார். படத்தில் அதற்கு விளக்கம் இருந்ததா என்பதுகூட எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“சினிமாதானே, அண்ணாச்சி,” என்றார் மைத்துனர்.

“ஆமா, சினிமாதான். சும்மா கேட்டேன்.”

அன்றிரவே விமர்சனம் வெளிவந்தது. தொய்வான வரிசைக் காட்சி, உயிரற்ற துணைப் பாத்திரங்கள், நம்ப முடியாத முடிவு. படத்தின் கடைசியில் கதாநாயகன் நகரச் சுவரை உடைக்க, எல்லாருக்கும் பச்சை எரிகிறது. ஒரு வரியையும் என்னால் மறுக்க முடியவில்லை. மறுநாள் அண்ணாச்சியிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

“சரியாத்தான் எழுதியிருக்காரு. ஆனா அந்த முடிவு எனக்குப் பிடிச்சிருந்துது. அதுக்குத்தான சார்வாள் துட்டு குடுத்துப் போறோம்,” என்றார்.

அதன்பின் அவர் எங்களோடு படத்துக்கு வரவில்லை. மேல்முறையீட்டுக்குத் தாள் சேர்ப்பதாகச் சொன்னார். பழைய மின்கட்டண ரசீது எல்லாம் தம்பி பெயரில் இருந்தது. மாடிக்கென்று தனி மீட்டர் கிடையாது. அங்கே குடியிருந்ததைக் காட்ட அவரிடம் மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள்தான் இருந்தன.

அடுத்த மழைக்காலம் முடிந்து நான் போனபோது பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. மேலே அறை பூட்டியிருந்தது. அண்ணனும் அண்ணியும் நவி மும்பையில் ஐரோலிப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டதாகத் தம்பி தையலை நிறுத்தாமல் சொன்னார். மேல்முறையீட்டில் மாடியும் பாத்ர் ஆகிவிட்டது, திரும்பி வந்துவிடுவார் என்றார். பக்கத்துக் கடைக்காரர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அண்ணாச்சியின் எண்ணுக்கு அழைத்தால் அது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. மேல்முறையீட்டின் முடிவைச் சொல்லும் தாள் எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே மாடி ஏற்கப்பட்டது என்ற செய்தியை, தம்பி சொன்னது, சரிபார்க்கப்படாதது என்ற அளவில் மட்டுமே இங்கே பதிகிறேன்.